ஐஸும் மென்பனியும் கலந்த சரிவுக்கு எந்த ஆல்-மவுண்டன் ஸ்கீ?

ஆல்-மவுண்டன், அதாவது மலையின் எல்லா வகைப் பனிக்கும் என்ற பெயரில் விற்கும் ஸ்கீக்கள் (பனிச்சறுக்குப் பலகைகள்) எல்லாம் ஒரே வகைப் பனிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 82 மி.மீ. இடையகலம் கொண்டதும் அந்தப் பெயரில்தான் வருகிறது, 102 மி.மீ. கொண்டதும் அதே பெயரில்தான் வருகிறது. இடையகலம் என்பது பூட்ஸுக்கு நேர் கீழே ஸ்கீ மிகவும் ஒடுங்கும் இடத்தின் அகலம். அடிக்கடி புதுப்பனி கொட்டும் மலையில் இந்த வேறுபாடு பெரிதாக உறுத்தாது. காலையில் கல்லாகக் கிடந்து, மதியம் இளகி, மாலையில் மறுபடி இறுகும் சரிவுகளில் சறுக்குகிறவருக்கு, பத்து மி.மீ. தப்பாகப் போனால் பருவம் முழுக்க அவஸ்தை.

இப்படிப்பட்ட பனிக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கீயை ஐஸை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள், பவுடரை, அதாவது ஆழமான மென்மையான புதுப்பனியை மனதில் வைத்து அல்ல. ஒடுக்கமான ஸ்கீயோடு மென்பனியில் மாட்டிக்கொண்டால் உழைப்பு கூடும், தொடை கடுக்கும், அவ்வளவுதான். அகலமான, தொளதொளப்பான ஸ்கீயோடு ஐஸில் மாட்டிக்கொண்டால் பிடி விட்டுப்போகும். செங்குத்தான சரிவில் பிடி விட்ட பிறகு எங்கே போய் நிற்போம் என்பது நம் கையில் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கலவைப் பனி என்றால் காலடியில் என்ன இருக்கிறது?

புதிதாக விழுந்த உலர்பனியின் அடர்த்தி பெரும்பாலும் கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரைதான். முழு ஐஸ் 917 கிலோ. சரிவில் காலுக்குக் கீழே வருவது இந்த இரண்டுக்கும் நடுவே எதுவாகவும் இருக்கலாம். இயந்திரங்கள் தூவும் செயற்கைப் பனி சின்னச் சின்ன உருண்டைகளாக இறங்குவதால் தொடக்கத்திலிருந்தே நெருக்கமாகப் படிகிறது, இயற்கைப் பனியைவிடப் பல மடங்கு அடர்த்தியாக இருக்கிறது. பகலில் உருகியது இரவில் உறையும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. மழை பெய்து, அதன்மேல் கடுங்குளிர் இறங்கினால் கேட்கவே வேண்டாம். காற்று வாரிக்கொண்டு போன முகடுகளிலும் அடியில் இருக்கும் கெட்டித்தளம் வெளியே வந்துவிடும்.

அப்புறம் கூட்டம். காலையில் வரிவரியாகச் சீர்செய்து வைத்திருந்த சரிவை ஆட்கள் சுரண்டிச் சுரண்டி, மேலிருந்த பனியை எல்லாம் ஓரங்களில் குவித்துவிடுகிறார்கள். நடுவில் வழுக்குத்தளம், ஓரத்தில் கனத்த, கட்டிகட்டியான குவியல். ஒரே திருப்பத்தில் இரண்டையும் கடக்க வேண்டியிருக்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் கலவைப் பனி என்றால் இதுதான், ஆளைத் தூக்கி மிதக்கவைக்கும் ஆழமான பவுடர் அல்ல. இதைக் கவனிக்காமல்தான் பலர் மிதப்புக்காக அகலத்தைத் தேடிப் போகிறார்கள். வழுக்குத்தளத்துக்கு விளிம்பின் பிடி வேண்டும், குவியலுக்கு உதைத்துத் தள்ளப்படாத கனம் வேண்டும். மிதப்பு என்பது இந்தப் பட்டியலில் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது.

அகலம் செய்யும் வேலை

ஐஸில் ஸ்கீயை நிறுத்துவது அதன் ஓரத்தில் ஓடும் எஃகுக் கீற்று. 1920களில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர், மரப்பலகையின் ஓரத்தில் எஃகுத் துண்டுகளைத் திருகிவைத்தார். அதற்கு முன் இறுகிய பனியில் மரத்தின் ஓரத்தை நம்பித்தான் சறுக்கினார்கள். இன்றைக்கும் நம்முடைய எடை முழுக்கத் தாங்குவது அந்த ஒல்லியான கீற்றுதான். அது பனியில் ஒரு சிறு படியை வெட்ட வேண்டும், ஸ்கீ அந்தப் படியில் நிற்க வேண்டும்.

இங்கேதான் அகலம் குறுக்கே வருகிறது. கெட்டித்தளத்தில் ஸ்கீயைச் சாய்த்தால் பனியைத் தொடுவது ஒரு விளிம்பு மட்டும். 80 மி.மீ. ஸ்கீயில் அந்த விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 40 மி.மீ. தள்ளி இருக்கிறது. 100 மி.மீ. ஸ்கீயில் 50 மி.மீ. தள்ளி இருக்கிறது. தள்ளிப்போன அந்தத் தூரம் ஒரு நெம்புகோல். சாய்த்த ஸ்கீயை மறுபடி தட்டையாக்க அது ஓயாமல் முயன்றுகொண்டே இருக்கும். அதை எதிர்த்துப் பிடிப்பது நம் கணுக்காலும் முழங்காலும். 80க்கும் 100க்கும் இடையே அந்த நெம்புகோல் கால் பங்கு நீளமாகிறது என்பது சின்ன விஷயம் அல்ல. கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தய ஸ்கீக்கள் 65 மி.மீ.யை ஒட்டியே நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அந்த அகலத்தில் விளிம்பு கிட்டத்தட்ட பூட்ஸின் ஓரத்துக்கு நேர் கீழே வந்துவிடுகிறது.

மென்பனியில் இந்தக் கணக்கு மாறும். ஸ்கீ சற்று அமிழ்வதால் எடை அடிப்பரப்பு முழுக்கப் பரவுகிறது, நெம்புகோலின் தொல்லை குறைகிறது. அகலமான ஸ்கீயை மதியத்தில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர்கள் "இதில் என்ன குறை?" என்று கேட்பது அதனால்தான். அதே ஸ்கீயைக் காலை முதல் ஓட்டத்தில் போட்டுப் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.

அகலத்தைவிடப் பெரியது உள்ளே இருப்பது

ஆனாலும் அகலம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 85 மி.மீ.யில் உலோகமே இல்லாத லேசான ஸ்கீ ஒன்றும், 96 மி.மீ.யில் இரண்டு உலோகத் தகடு வைத்தது ஒன்றும் கிடைத்தால், காலை ஐஸுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

காரணம் முறுக்கு விறைப்பு. நாம் சாய்ப்பது ஸ்கீயின் நடுப்பகுதியை. அந்தச் சாய்வு முனைக்கும் வாலுக்கும் அப்படியே போய்ச்சேர வேண்டும். ஸ்கீ முறுக்கிக்கொள்ளும் தன்மை உள்ளதாக இருந்தால் நடுவில் இருக்கும் சாய்வு முனையில் இருக்காது. முனை தட்டையாகிப் பனியின் மேல் நழுவும், திருப்பம் தொடங்கவே தொடங்காது. அதைத் தடுக்கத்தான் மர உட்பகுதிக்கு மேலும் கீழும் உலோகத் தகடு ஒட்டுகிறார்கள். இந்த யோசனை புதிது அல்ல. விமானத் தொழிலில் இருந்து வந்த ஹோவர்ட் ஹெட், மரத்தை அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வைத்துச் செய்த ஸ்கீயை 1950 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இப்போது பெரும்பாலும் பயன்படுவது டைட்டனல். ஆஸ்திரியாவின் ஆமாக் நிறுவனம் தயாரிக்கும் வலுவான அலுமினியக் கலவை அது, டைட்டானியம் அல்ல. தகட்டின் தடிமன் அரை மி.மீ. அளவில்தான் இருக்கும், ஆனாலும் ஸ்கீயின் குணமே மாறிவிடுகிறது.

இன்னொன்று அதிர்வு. ஐஸில் வேகமாகப் போகும்போது லேசான ஸ்கீ படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் விளிம்பு ஒரு கணம் பனியை விட்டுவிட்டு மறுபடி தொடுகிறது. அந்த ஒரு கணத்தில் பிடி இல்லை. உலோகத்தின் எடையும், அதோடு சேர்த்து வைக்கும் ரப்பர் பட்டைகளும் இந்தத் துடிப்பை உறிஞ்சிக்கொள்கின்றன. கார்பன் நார் விறைப்பைத் தருகிறது, எடையையும் குறைக்கிறது, ஆனால் துடிப்பை அடக்குவதில் உலோகத்துக்கு ஈடாகாது. கையில் தூக்கிப் பார்த்து "எவ்வளவு லேசு!" என்று மகிழ்வது பேக்கன்ட்ரியில், அதாவது லிஃப்ட் இல்லாத இடத்தில் மலையேறிச் சறுக்குகிறவருக்குப் பொருந்தும். நாள் முழுக்க லிஃப்டில் ஏறி இறங்குகிறவருக்கு ஸ்கீயின் கனம் நண்பன். ஓரத்துக் குவியலில் மோதும்போதும் கனமான ஸ்கீதான் நேராகப் போகும், லேசானது வழி மாறும்.

ஆக, ஐஸும் சிதறிக்கிடக்கும் குவியலும் கேட்பது ஒரே குணத்தை. கலவைப் பனியை நினைத்து அகலமான, லேசான ஸ்கீ வாங்குகிறவர் பகலின் இரண்டு பாதியிலும் இழக்கிறார்.

வளைவு

ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலெழும்பி நிற்பது கேம்பர். முனையோ வாலோ முன்கூட்டியே மேல்நோக்கி வளையத் தொடங்குவது ராக்கர். கேம்பர் இருந்தால் நாம் மிதிக்கும் எடை நீளம் முழுக்கப் பரவி, முனையும் வாலும் பனியை அழுத்துகின்றன. ராக்கர் கூடக்கூட ஐஸைத் தொடும் விளிம்பின் நீளம் குறைகிறது, ஆனால் குவியலின் மேல் முனை ஏறிப்போவது எளிதாகிறது. கலவைப் பனிக்கு முனையில் கொஞ்சம் ராக்கர், காலடியில் நல்ல கேம்பர், வாலில் ராக்கர் இல்லாமல் அல்லது மிகக் குறைவாக என்ற அமைப்பு போதும்.

இந்த விஷயத்தில் தயாரிப்பாளர்களே ஒருமுறை திரும்பி வந்திருக்கிறார்கள். ஃபோல்க்ல் நிறுவனத்தின் மான்ட்ரா ஒரு காலத்தில் 100 மி.மீ. அகலத்தோடு முழு ராக்கராக இருந்தது. 2018இல் வந்த எம்5 மான்ட்ராவில் அகலத்தை 96க்குக் குறைத்து, காலடியில் கேம்பரை மறுபடி கொண்டுவந்தார்கள். அடுத்து வந்த எம்6இலும் அதே அகலம், அதே கொள்கை. மென்பனி ஸ்கீயைக் கெட்டித்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

நீளத்தில் குழப்பம் வேண்டாம். மூக்கு உயரத்துக்கும் நெற்றி உயரத்துக்கும் நடுவே எடுங்கள், இரண்டு அளவுகளுக்கு இடையே தயங்கினால் நீளமானதை எடுங்கள். ராக்கர் உள்ள ஸ்கீயில் ஐஸைத் தொடும் நீளம் ஏற்கெனவே குறைவு. திருப்ப ஆரம், அதாவது சாய்த்த ஸ்கீ இயல்பாகப் போடும் வளைவின் ஆரம், 15 முதல் 18 மீட்டர் வரை இருந்தால் சரி.

எதை எடுக்கலாம்?

முதலில் 76 முதல் 82 மி.மீ. வரை உள்ளவை. ஐஸில் இவற்றுக்கு நிகர் இல்லை. விளிம்பு மாற்றம் சட்டென்று நடக்கும், முழங்காலுக்குச் சுமை குறைவு. ப்ளிஸார்டு நிறுவனத்தின் பிராமா 82 (பெயரில் வரும் எண் இடையகலம்) இந்த எல்லையில் நின்றுகொண்டு சரிவை விட்டு வெளியேயும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. குறை எங்கே தெரியும் என்றால், மதியம் கனத்துப்போன ஈரப்பனியில். முனை உள்ளே புகுந்துகொள்ளும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் பலம் போட வேண்டியிருக்கும். சீர்செய்த சரிவை விட்டு நகராதவர் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை.

84 முதல் 90 மி.மீ. வரை, உள்ளே உலோகத்தோடு. கலவைப் பனிக்கு என் வாக்கு இதற்குத்தான். ஃபோல்க்ல் கென்டோ 88, ப்ளிஸார்டு பிராமா 88, நோர்டிகா என்ஃபோர்சர் 88, ஸ்விட்சர்லாந்தின் ஸ்டோக்லி செய்யும் ஸ்டார்ம்ரைடர் 88 எல்லாம் இந்த வகை. நான்கிலும் டைட்டனல் இருக்கிறது, ஆனால் ஒரே மாதிரி இல்லை. கென்டோவில் தகடு முழுப்பரப்புக்கும் போகாமல் ஓரங்களைச் சுற்றி ஒரு சட்டமாக ஓடுகிறது. விளிம்புக்கு மேல் பலம் கிடைக்கிறது, நடுவில் எடை மிச்சமாகிறது. அது கூர்மையான, சுறுசுறுப்பான ஸ்கீ, தூங்கிக்கொண்டே சறுக்கவிடாது. என்ஃபோர்சர் கனமானது, அலுங்காமல் போவது, குவியலை இடித்துக்கொண்டு போகப் பிடிக்கும் ஆட்களுக்கானது. ஸ்டார்ம்ரைடரின் அமைதியான பிடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த அகலத்தில் ஐஸின் மேல் அவ்வளவு ஓசையில்லாமல் போகும் ஸ்கீக்கள் குறைவு. பூட்ஸின் பாதி உயரம் வரை புதுப்பனி விழுந்தாலும் இவை எல்லாம் சமாளித்துவிடும். அதற்கு மேல் விழும் நாட்கள் எத்தனை என்று ஒவ்வொருவரும் தனக்குத்தானே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். விழும் என்று ஆசைப்படும் நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

94 முதல் 98 மி.மீ. வரை, உலோகத்தோடு. எம்6 மான்ட்ரா 96, என்ஃபோர்சர் 94, ப்ளிஸார்டு போனஃபைடு 97. இவை நல்ல ஸ்கீக்கள், மறுக்கவில்லை. உடல் எடை கூடியவர், கால் பலமுள்ளவர், சரிவுக்கு வெளியேதான் பாதி நாள் இருப்பேன் என்பவர் இங்கே வரலாம். ஐஸில் இவை பிடிக்கும், ஆனால் சும்மா பிடிக்காது. வேகமும் தீர்மானமான சாய்வும் கொடுத்தால்தான் பிடிக்கும். களைத்துப்போன மாலையில், வெளிச்சம் மங்கிய பிறகு, உறைந்த சரிவில் கீழே இறங்கும் கடைசி ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் தீர்மானமான சாய்வைக் கொடுக்க முழங்காலில் தெம்பு மிச்சம் இருக்காது. நான் 88 பக்கம் சாய்வதற்கு அந்தக் கடைசி ஓட்டம் ஒரு பெரிய காரணம்.

அதே அகலத்தில் லேசானவை. ஈலான் ரிப்ஸ்டிக் 96இல் உலோகத் தகடுகளுக்குப் பதில் கார்பன் குழாய்கள் ஓடுகின்றன. இடதுகால், வலதுகால் என்று தனித்தனி ஸ்கீ. உள் விளிம்பில் கேம்பர் கூடுதல், வெளி விளிம்பில் ராக்கர் கூடுதல். புத்திசாலித்தனமான அமைப்புதான், மென்பனியிலும் மரங்களுக்கு நடுவிலும் விளையாட்டாகத் திரும்பும். ஹெட் கோர் 93இலும் உலோகம் இல்லாமல் கார்பனும் கிராஃபீனும்தான். விளிம்பு கூராக இருக்கும்வரை அதன் பிடி எடைக்கு மீறியது. ஆனால் உறைந்து கரடுமுரடான காலையில் இவ்வகை ஸ்கீக்கள் படபடக்கத் தொடங்கிவிடும், வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. பனி பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும் மலைக்கு இவற்றை மனதாரச் சிபாரிசு செய்வேன், ஐஸ் பாதி நாள் இருக்கும் மலைக்குச் செய்ய மாட்டேன்.

100 மி.மீ.க்கு மேல் போவதைப் பற்றி இந்தப் பனிக்குப் பேசவே வேண்டாம்.

யாருடைய கால்?

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. உலோகத் தகடு உள்ள ஸ்கீ வளைந்தால்தான் வேலை செய்யும். அதை வளைக்கத் தேவையான எடையும் வேகமும் இல்லாதவருக்கு அது வெறும் இரும்புப் பலகை. 55 கிலோ எடையுள்ள ஒருவர், 90 கிலோ எடையுள்ள நண்பர் புகழ்ந்த ஸ்கீயை அப்படியே வாங்குவது சரிவராது. எடை குறைந்தவர்களும், இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் திரும்பும் இணைத்திருப்பம் இப்போதுதான் கைவந்தவர்களும் முழுத்தகடு வைத்ததை விட்டுவிட்டு, சட்டமாகவோ நடுவில் மட்டுமோ உலோகம் வைத்ததைப் பார்க்கலாம். ஃபோல்க்ல் கென்டோவுக்கு இணையாகப் பெண்களுக்கு வரும் கென்ஜா 88 அப்படிப்பட்டது. அகலம் மட்டும் 90க்குள் இருக்கட்டும். திறமை குறைவாக இருப்பவருக்கு அகலமான ஸ்கீ உதவும் என்ற பேச்சு மென்பனிக்கு உண்மை, ஐஸுக்கு நேர்மாறு.

பூட்ஸ் தொளதொளவென்று இருந்தால் இதையெல்லாம் பேசிப் பயன் இல்லை. பாதம் பூட்ஸுக்குள் நகர்ந்தால் சாய்வு விளிம்புக்குப் போய்ச்சேரவே சேராது. கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் பூட்ஸைச் சரிசெய்யுங்கள், ஸ்கீ அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கட்டும்.

விளிம்பு கூரானதா?

விலை உயர்ந்த மழுங்கிய ஸ்கீயைவிட, சாதாரணமான கூரான ஸ்கீ ஐஸில் மேல். தேர்வைப் பற்றி நாள்கணக்கில் யோசிக்கிறவர்கள் விளிம்பைத் தீட்டக் கால் மணி நேரம் ஒதுக்குவதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

விளிம்புக்கு இரண்டு கோணங்கள் உண்டு. அடிப்பக்கக் கோணம் பெரும்பாலும் 1 பாகை, பக்கவாட்டுக் கோணம் 2 பாகை. ஐஸ் அதிகம் என்றால் பக்கவாட்டை 3 பாகையாக்கிக் கேளுங்கள். விளிம்பு கூர்மையாகிப் பனிக்குள் இறங்கும், ஆனால் சீக்கிரம் மழுங்கவும் செய்யும். அடிப்பக்கக் கோணத்தை 1 பாகைக்கு மேல் போகவிடாதீர்கள். அது கூடினால் எவ்வளவு சாய்த்தாலும் விளிம்பு தாமதமாகத்தான் பனியைத் தொடும். அதைத் திருத்த வேண்டும் என்றால் ஸ்கீயின் அடிப்பரப்பு முழுவதையும் இயந்திரத்தில் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும். கல்லில் உரசிய இடத்தில் எஃகு இறுகிப்போய் அரத்துக்கு மசியாது. அங்கே முதலில் வைரத்தூள் பதித்த தீட்டுக்கல், பிறகுதான் அரம். மற்ற நாட்களில் மாலையில் தீட்டுக்கல்லை ஒன்றிரண்டு முறை ஓட்டிவிட்டு, ஈரம் துடைத்து வைத்தாலே போதும்.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஸ்கீ கொடுக்கும் இடங்களிலும் இதே சிக்கல்தான். ஒரு ஸ்கீ பிடிக்கவில்லை என்றால் குற்றம் ஸ்கீயினுடையதா, தீட்டாத விளிம்பினுடையதா என்று தெரியாது. நகத்தை விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் மெல்லிய துருவல் சீவி வந்தால் கூர் இருக்கிறது. அப்புறம், காலை முதல் ஓட்டத்துக்கே எடுத்துக்கொண்டு போங்கள். ஒப்பிடும் இரண்டையும் ஒரே காலையில், ஒரே சரிவில், ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மதியத்துக்குப் பிறகு எல்லா ஸ்கீயும் நல்ல ஸ்கீயாகவே தெரியும்.

இரண்டு ஜோடி வைத்துக்கொள்ள வசதி உள்ளவருக்கு மட்டும் கணக்கு வேறு. அவர் 78 அல்லது 80இல் ஒன்றும், 100ஐத் தாண்டி ஒன்றும் எடுக்கலாம். நடுவில் உள்ள 88 அவருக்குத் தேவையே இல்லை. ஒரே ஜோடியில் பருவத்தை ஓட்ட வேண்டியவருக்கு உலோகம் வைத்த 88. பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கைத் தனியாக வாங்குவதாக இருந்தால், கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் தடுக்கும் பிரேக்கின் அகலம் 90 முதல் 100 மி.மீ. வரை இருப்பதாகப் பாருங்கள். அதைவிட அகலமான பிரேக், ஸ்கீயை நன்றாகச் சாய்க்கும்போது பனியில் உரசி விளிம்பைத் தூக்கிவிடும். விழும்போது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்ஸை விட வேண்டும் என்ற விடுவிப்பு அளவை நண்பரைப் பார்த்து வைக்காமல், உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் விதம் எல்லாவற்றையும் சொல்லிப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.